சேலத்திலிருந்து புறப்பட்டவை

வியாழன், அஸ்தம்பட்டி

சேலம் போகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்டது ‘ஏற்காடா?’ என்றுதான். ஏற்காட்டுக்கும் போவேன். ஆனால் அதற்கு முன்னால் கீழே, ஊருக்குள் எனக்கு வேலை இருக்கிறது. பார்க்க வேண்டும் என்று நினைத்த சில இடங்கள் பல வருடங்களாகப் பாக்கி நிற்கின்றன.

வேலையின் பொருட்டு ஊர் ஊராகப் போகிறவள் நான். போகிற இடத்தில் கோட்டை, அரண்மனை, அருங்காட்சியகம் எதையும் விடுவதில்லை. வீடு திரும்பிக் கொஞ்ச நாள் ஆனதும் அவையெல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. கலையாமல் மனதில் நிற்பது, அங்கே ஜனங்கள் என்ன சாப்பிட்டார்கள், என்ன உடுத்தினார்கள், அதெல்லாம் எங்கிருந்து வந்தது என்பதுதான். பண்டரிபுர யாத்திரை முடிகிற ஆஷாட ஏகாதசி அன்று புனேயில் இருந்தேன். விரதக்காரர்களுக்காகத் தெருவுக்குத் தெரு சாபுதானா கிச்சடி. அது நம் ஜவ்வரிசிதான். மளிகைக் கடையில் மூட்டையைப் பார்த்தால் சேலம் என்று அச்சடித்திருந்தது. ஜெய்ப்பூரில் ஒரு நகைக்கடைக்காரர் கனமான கொலுசு ஒன்றை எடுத்துக் காட்டி, ‘இது சேலத்துச் சரக்கு’ என்று பெருமையாகச் சொன்னார். கோலாலம்பூரில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை கட்டியிருந்த வெண்பட்டு வேட்டி சேலத்துத் தறியில் நெய்தது.

நான் போகிற ஊருக்கெல்லாம் எனக்கு முன்பே சேலம் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த ஊர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சேலம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. திருச்சிக்காரியான நானே சேலத்தை ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன், கோயம்புத்தூர் போகிற வழியில்.

காலையில் ஜங்ஷனில் இறங்கி, பெரியம்மா வீட்டில் குளித்துச் சாப்பிட்டுவிட்டு நேரே செவ்வாய்ப்பேட்டை. பெரியம்மா மகன் ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். மண்டிகள், மூட்டை ஏற்றும் லாரிகள், நடுநடுவே வெள்ளிக்கடைகள். ஆள் நடக்கவே இடமில்லாத தெருவில் மாட்டுவண்டி ஒன்று நிதானமாகப் போனது, யாரும் அதை அவசரப்படுத்தவில்லை.

அண்ணனுக்குத் தெரிந்த கொலுசுப் பட்டறை ஒன்றில் மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். முன்னறையில் தராசு, சுவரில் சாமி படங்கள். வேலை எல்லாம் பின்னால். வெள்ளியை உருக்கி ஊற்றிக் கம்பியாக இழுக்கிறார்கள். கம்பியைச் சுருட்டி நறுக்கினால் வளையம் வளையமாக உதிர்கிறது. வளையம் கோர்ப்பது பெரும்பாலும் பெண்கள், அவரவர் வீட்டில், சமையலுக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவதற்கும் இடையே. பற்றவைக்க வேறொரு வீடு, மணி வைக்க இன்னொரு வீடு, மெருகுக்கு இன்னோர் இடம். சிவதாபுரம், பனங்காடு பக்கமெல்லாம் இப்படித் தெருத்தெருவாக நடக்கிறதாம். ஒரு ஜோடி கொலுசு கடைக்குப் போவதற்குள் எத்தனை வாசற்படி ஏறி இறங்குகிறது!

பட்டறைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். பேசிக்கொண்டே வேலை செய்தார்.

“ராஜஸ்தான் பக்கம் போறது நல்லாக் கனமா, பட்டையா இருக்கணும்ங்க. கேரளாவுக்கு நூல் மாதிரி இருந்தாப் போதும். ஆந்திராவுக்கு மணி கொத்துக் கொத்தா வேணும். காலைப் பார்த்தா எந்த ஊருன்னு சொல்லிப்போடுவேன்.”

“அந்த ஊருக்கெல்லாம் போயிருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“திருப்பதி போயிருக்கேன். தைப்பூசத்துக்கு வருசா வருசம் பழனிக்கு நடந்துருவேன். அவ்ளோதான் கண்ணு.”

ராஜஸ்தானில் நான் பார்த்தது மலைமேல் கோட்டைகள். இவர் பார்க்காமலே தெரிந்து வைத்திருப்பது, அங்கே ஒரு பெண்ணின் கணுக்கால் எவ்வளவு எடை தாங்கும் என்பதை, எந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும் என்பதை. இரண்டில் எது நெருக்கமான அறிமுகம் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

வெள்ளி விலை ஏறிய ஏற்றத்தில் ஆர்டர் குறைந்துவிட்டது என்றார். விலை ஏறினாலும் கூலி வேலைக்குத்தானே, உலோகத்துக்கு இல்லையே. தரையில் சிந்துகிற பொடி வீணாகக் கூடாது என்பதால் பட்டறையைக் கூட்டிய மண்ணை ஒரு டப்பாவில் சேர்த்து வைக்கிறார்கள். அதிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்கத் தனியாக ஆட்கள் இருக்கிறார்களாம். மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார். “அவன் போனது நல்லதுங்க. ஆனா இந்தக் கை என்னோட நின்னுரும்” என்று தன் விரல்களைக் காட்டினார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலம் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி. எத்தனையோ நகரங்களின் தெருக்கடையில் நின்று சாப்பிட்டிருக்கிறேன். இது அந்த வரிசையில் முன்னால் நிற்கும். ஒரு தட்டோடு நிறுத்த முடியாது, சொல்லிவிட்டேன்.

வெள்ளி, ஆத்தூர் ரோடு

இன்று ஜவ்வரிசி.

சேலத்துக்காரர்கள் ஆலையைச் ‘சேகோ ஃபேக்டரி’ என்கிறார்கள், மரவள்ளியைக் ‘குச்சிக்கிழங்கு’ என்கிறார்கள். அயோத்தியாபட்டணம் தாண்டி வாழப்பாடி வழியாக ஆத்தூர் போகிற ரோட்டில் இந்த மாதத்தில் கிழங்கு லாரிகளைப் பின்தொடராமல் போகவே முடியாது. ரோட்டோரம் அங்கங்கே பெரிய சிமெண்ட் களங்கள், அவற்றில் வெள்ளை வெளேரென்று காய்கிற மாவும் ஜவ்வரிசியும். வெயிலில் கண் கூசுகிறது.

ஓர் ஆலைக்குள் விட்டார்கள். கிழங்கைக் கழுவித் தோல் நீக்கி அரைக்கிறார்கள். அரைத்த விழுதைச் சலித்துப் பாலாக எடுத்துத் தொட்டியில் தெளியவிடுகிறார்கள். அடியில் தங்குகிற மாவுதான் ஸ்டார்ச். சக்கைக்குத் திப்பி என்று பெயர், மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. ஈர மாவை உடைத்துக் குலுக்கினால் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரள்கிறது. முன்பெல்லாம் துணியைத் தூளி மாதிரி கட்டி இரண்டு பக்கமும் ஆள் நின்று குலுக்குவார்களாம். இப்போது மெஷின். திரண்ட உருண்டையைச் சூடான தட்டில் வறுத்துக் களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி.

இந்தக் கிழங்கின் பயணத்தைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. மரவள்ளி தென்னமெரிக்காவில் பிறந்தது. போர்ச்சுகீசியர் வழியாக மலபார் கரைக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் அரிசி கிடைக்காத ஏழைகளுக்கு உதவும் என்று அதைப் பரப்பினார். ஜவ்வரிசி என்ற பண்டமோ தென்கிழக்காசியாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப்போரில் அந்தக் கப்பல்கள் நின்றுபோயின. 1943-44 வாக்கில் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரும், பினாங்கில் இருந்து வந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து மரவள்ளி மாவில் இதைக் குடிசைத் தொழிலாகச் செய்து பார்த்தார்கள். அது பிடித்துக்கொண்டது. தென்னமெரிக்கக் கிழங்கு, பினாங்கு அனுபவம், சேலத்து வெயில். மூன்றும் சேர்ந்து செய்த பண்டத்தை மராட்டியப் பெண்கள் ஏகாதசி விரதத்தில் சாப்பிடுகிறார்கள். பினாங்கு தெருக்களில் நடந்தபோது இந்தக் கதை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஊரை வேறு மாதிரி பார்த்திருப்பேன்.

ஆலைக்காரர்கள் சரக்கை விற்பதற்கென்று 1981-இல் தொடங்கிய ‘சேகோசர்வ்’ என்ற கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் இருக்கிறது. மூட்டைகள் அங்கே போய் டெண்டரில் விலை படிந்து வட இந்தியாவுக்கு ஏறுகின்றன. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நல்ல விஷயம். ஆனால் கிழங்கு போடுகிற விவசாயியைக் கேட்டால் விலையைப் பற்றித்தான் பேசுகிறார். பக்கத்துக் காட்டில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த ஒருவர், “ஒரு வருசம் நல்லா விக்கும், அதைப் பார்த்து எல்லாரும் நடுவோம், அடுத்த வருசம் விழுந்துரும்ங்க” என்றார். நிலத்தில் பத்து மாதம் கிடக்கிற பயிர். விலை என்னவென்று தெரியாமலே நட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

வெள்ளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாங்குகிறவர்கள் பளீரென்று வெள்ளையாகக் கேட்கிறார்கள் என்பதற்காகச் சிலர் ரசாயனம் போட்டு வெளுக்கிறார்கள், அதை அதிகாரிகள் பிடிப்பதும் நடக்கிறது. “இயற்கையாக் காஞ்சது கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும்மா. அதைத்தான் வாங்கணும்” என்றார் ஆலை மேஸ்திரி. பாயசத்துக்கு வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

களத்தில் ஜவ்வரிசியைக் கிளறிக்கொண்டிருந்த பையன்களில் இரண்டு பேர் ஒடிசாக்காரர்கள். கஞ்சம் மாவட்டம். தமிழ் நன்றாகவே பேசினார்கள். ஊரில் என்ன சாப்பாடு, எப்போது திரும்புவீர்கள் என்றெல்லாம் கேட்டேன். அதில் ஒருவன், நான் புவனேஸ்வர் போயிருக்கிறேன் என்று சொன்னதும் வேலையை நிறுத்திவிட்டு, “லிங்கராஜ் கோயில் பார்த்தீங்களா அக்கா?” என்று கேட்டான். பார்த்தேன் என்றேன். அவன் முகத்தைப் பார்த்ததும், அந்தக் கோயிலைப் பார்த்து வைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று தோன்றியது. யாருடைய ஊரையாவது நாம் பார்த்திருப்பது, வெளியூரில் வேலை செய்கிற அந்த ஊர்க்காரருக்கு ஒரு சொந்தம் மாதிரி.

சனி, ஏற்காடு

அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு, அடிவாரம், அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவுகள். கிளம்பியதும் ரோட்டோரம் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவு வளைவு. ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது வீடுகள். 1930களில் இதைக் கட்டிய டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர். பார்த்துவிட்டு வந்ததை வைத்துச் சென்னையில் கடை போடாமல் சேலத்திலேயே ஸ்டுடியோ எழுப்பினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் இங்கே எடுக்கப்பட்டன. நடிகர்களும் எழுத்தாளர்களும் வேலை தேடிச் சேலத்துக்கு ரயிலேறி வந்த காலம் அது. வெளிநாடு போய்த் திரும்புகிறவர்களில் எனக்கு மிகவும் பிடித்த வகை இவர்தான்.

மேலே ஏற ஏறக் குளிர்ந்தது. ஏரி, படகுத்துறை, கடைகள் எல்லாவற்றையும் தாண்டி நேராக நாகலூர் போகிற வழியில் ஒரு காப்பித் தோட்டத்துக்குப் போனோம். பழ எடுப்பு நடக்கிறது. சில்வர் ஓக் மரங்கள் உயரமாக நிற்கின்றன, அவற்றில் மிளகுக் கொடி, கீழே நிழலில் காப்பிச் செடிகள். செடியில் பச்சையும் சிவப்பும் கலந்து தொங்குகின்றன. சிவந்ததை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறிக்க வேண்டும். அதனால் ஒரே செடிக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கிறது. காட்டெருமை வந்துபோன தடம் பாத்திக்கு நடுவில் இருந்தது. காலையில் கூட்டமாக வந்ததாகவும், அது போகும்வரை தள்ளி நின்றதாகவும் சொன்னார்கள்.

இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பறித்துக்கொண்டிருந்த ஓர் அக்காவோடு நானும் கொஞ்ச நேரம் பறித்தேன். இந்த மலையின் பழங்குடியான மலையாளி சமூகத்தைச் சேர்ந்தவர், கேரளத்து மலையாளி இல்லை. பக்கத்துக் கிராமம்.

“இங்கயே எஸ்டேட் லைன் வீட்ல இருக்கீங்களா அக்கா?”

“இல்ல கண்ணு. எங்க ஊர்ல சொந்த வீடு. கொஞ்சம் ராகிக் காடு, நாலு காப்பிச்செடி நமக்கும் இருக்குது. சீசனுக்கு மட்டும் எஸ்டேட்டுக்கு வருவோம்.”

அந்தப் பதில் எனக்கு ஏன் முக்கியமாகப் பட்டது என்பதைச் சொல்ல வேண்டும்.

வியன்னாவில் காப்பிக் கடைகள் பிரசித்தம். சின்ன உலோகத் தட்டில் காப்பிக் கோப்பையும், அதன் பக்கத்திலேயே ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீரும் கொண்டுவந்து வைப்பார்கள். ஒரே கோப்பையை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். அருமையான பழக்கம், நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அங்கே உட்கார்ந்து எனக்கு நினைவு வந்தது ஹட்டன்தான்.

சில வருடங்களுக்கு முன்னால் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், லயம் என்கிறார்கள். அங்கே ஓர் ஆச்சி, வயது எண்பதுக்கு மேல். நான் தமிழ்நாடு என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்க பாட்டன் சேலம் ஜில்லா. ஓமலூர் பக்கமாம். வாசல்ல நின்னா சேர்வராயன் மலை தெரியுமாம்.” அந்த ஊரின் பெயர் அவருக்குத் தெரியாது. பாட்டன் சொன்னது அப்பாவோடு போய்விட்டது. மிஞ்சியது மலை மட்டும்.

“அது எப்படிப் புள்ள இருக்கும்? எங்க மலை மாதிரிப் பச்சையா இருக்குமா?”

நான் அப்போது சேர்வராயன் மலையைப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் ஆச்சி என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்தப் பயணத்தின் பெரிய பாக்கி அதுதான்.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலையில் காப்பி நட்டார். அவருடைய கிரேஞ்ச் எஸ்டேட் இன்றும் இருக்கிறது. கிட்டத்தட்ட அதே வருடங்களில் இலங்கையில் கண்டிக்குப் பக்கத்திலும் வெள்ளைக்காரர்கள் காப்பித் தோட்டம் போட்டார்கள். அங்கே வேலைக்கு ஆள் வேண்டும். திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள், அதாவது தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரிகள், ஜனங்களைக் கூட்டிப்போனார்கள். படகில் மன்னார்க் கரை, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடை. வழியில் காலராவிலும் பசியிலும் விழுந்தவர்கள் கணக்கில்லை. 1869-இல் இலைத் துரு நோய் வந்து இலங்கைக் காப்பியை அழித்தது, தேயிலை வந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் மிகக் கடுமையாக அடிபட்டது. கடல் தாண்டிப் போக ஜனங்களைத் துரத்தியதில் அந்தப் பஞ்சத்துக்கும் பங்கு உண்டு. 1948-இல் அங்கே குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. அவர்களிடம் யாரும் கேட்டுவிட்டுப் பிரிக்கவில்லை.

வாசலில் இந்த மலையைப் பார்த்து வளர்ந்தவர், இந்த மலையிலேயே காப்பி இருக்க, கடல் கடந்து இன்னொரு மலைக்குத் தோட்ட வேலைக்குப் போனார். எதனால் என்று நினைத்துப் பார்த்தால், கடனா, பஞ்சமா, கங்காணி காட்டிய ஆசையா, ஏதோ ஒன்று அவரை இருக்க விடவில்லை. ‘சொந்த வீடு’ என்று அந்த அக்கா சொன்னபோது எனக்கு ஹட்டன் லயத்தின் ஒற்றை அறைதான் கண்ணில் நின்றது.

ராத்திரி லேடீஸ் சீட்டிலிருந்து சேலத்து விளக்குகளைப் பார்த்தோம். ஊர் முழுக்கக் கீழே கிடக்கிறது. அண்ணன் கையை நீட்டி ஐந்து ரோடு மேம்பாலம், ஜங்ஷன் என்று காட்டிக்கொண்டே வந்தார். நான் சிவதாபுரம் எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஞாயிறு, சேர்வராயன் கோயில்

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டு ஏரிக்கரையைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. கூட்டம். காலையிலேயே சேர்வராயன் கோயிலுக்குப் போய்விட்டோம். மலையின் உச்சியில், 1,600 மீட்டருக்கு மேல், பரந்த சமதளம். காற்று ஆளைத் தள்ளுகிறது. கோயில் ஒரு குகைக்குள். குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். வைகாசியில் திருவிழா நடக்கும்போது மலைக்கிராமங்கள் அத்தனையும் இங்கே கூடுமாம்.

மலையாளி மக்கள் தங்களைப் பற்றிச் சொல்கிற கதையும் ஒரு பயணக் கதைதான். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பி மூன்று பேர். பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கு, நடு அண்ணன் பச்சைமலைக்கு, சின்ன அண்ணன் கொல்லிமலைக்கு. மூன்று மலையிலும் இன்றும் அவர்கள் வம்சம். போன இடத்தில் நிலம் பிடித்து, சாமியைக் கண்டுபிடித்து, அந்த மண்ணோடு ஆகிவிட்டார்கள். ஆச்சியின் பாட்டனும் மலைக்குத்தான் போனார். அங்கே மண் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. குடிபெயர்வு என்று இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுகிறார்கள், எனக்கு அது சம்மதமில்லை.

மதியம் ஹோலி டிரினிட்டி தேவாலயம். பெரிய கட்டடம் இல்லை, மரங்களுக்கு நடுவில் அடக்கமாக இருக்கிறது. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளரின் அஸ்தி இங்கே வைக்கப்பட்டிருக்கிறது. 1863 மே 30 அன்று சென்னை பல்லாவரத்தில் ஒரு கல்லாயுதத்தைக் கையில் எடுத்து, இந்த நாட்டில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததற்கு முதல் சாட்சி சொன்னவர். 1858-இல் வேலைக்கு வந்து, தென்னிந்தியா முழுக்கக் குதிரையிலும் நடையிலுமாக அலைந்து கல் பொறுக்கியவர். கிருஷ்ணா கரை, கர்னூல் குகை, குஜராத் வரைக்கும். ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் வீடு வைத்துக்கொண்டார், இந்த மலையிலும் கல்லாயுதங்கள் சேகரித்தார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார். அங்கிருந்து அஸ்தியை இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள்.

இவ்வளவு இடம் பார்த்தவர் கடைசியில் இருப்பதற்கு இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுக்க அவரால் முடிந்தது என்பதையும் சேர்த்தே நினைத்தேன். அவரிடம் எனக்கு மனத்தாங்கல் ஒன்றும் இல்லை, மாறாக நிறைய மரியாதை. பெயர் தெரியாத ஆதி மனிதன் கையில் பிடித்த கல்லைப் பொறுக்கி, அவனுக்கு ஓர் இருப்பைக் கொடுத்தவர் அல்லவா. ஊர் சுற்றுகிறவர்கள் செய்யக்கூடிய ஆகச் சிறந்த வேலை அது என்று நினைக்கிறேன்.

திங்கள், ஓமலூர்

குப்பனூர் வழியாகக் கீழே இறங்கினோம். அண்ணன் சேலத்தில் என்னை விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். நான் பஸ் பிடித்து ஓமலூர். அங்கிருந்து ஓர் ஆட்டோக்காரரிடம், “மலை நல்லாத் தெரியிற கிராமமாப் பார்த்துப் போங்கண்ணா” என்றேன். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “இங்க எந்த ஊர்ல நின்னாலும் தெரியுமுங்களே” என்றார்.

உண்மைதான். காடையாம்பட்டிப் பக்கம் போகப் போக மலை கூடவே வந்தது. கரும்பு, நிலக்கடலைக் காடு, குண்டுமல்லித் தோட்டம், மாமரங்களில் பூ. கரும்பாலை ஒன்றில் வெல்லப்பாகு கொதிக்கிற வாசனை ரோடு வரை வந்தது. மேலே ஒரு விமானம் தாழ்வாகப் போனது, சேலம் விமான நிலையம் பக்கத்தில் கமலாபுரத்தில்தான் இருக்கிறது.

ஒரு கிராமத்தில் வேப்பமரத்தடித் திண்ணையில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். “கண்டிச் சீமைக்குப் போன குடும்பமா? எங்க பெரிய தாத்தாவோட பங்காளிககூடப் போனாங்கன்னு சொல்லுவாங்க. திரும்பி வரல” என்றார் ஒருவர். எந்த வருடம், எந்தத் தோட்டம் எதுவும் தெரியாது. இங்கேயும் பெயர்கள் போய்விட்டன. ஆனால் போனார்கள் என்பது இருக்கிறது. அங்கே ஒரு பக்கம், இங்கே ஒரு பக்கம், இரண்டு முனையிலும் ஞாபகம் அறுந்து தொங்குகிறது. அவரே ஒரு வீட்டு வாசலுக்குக் கூட்டிப்போய், “இங்க நின்னு எடும்மா, நல்லா வரும்” என்றார்.

வாசலில் கோலம், ஓரத்தில் கட்டிய எருமை, எதிரே சேர்வராயன் மலை முழுசாக. வாட்ஸ்அப் வீடியோ காலில் ஆச்சியின் பேரனைக் கூப்பிட்டேன். அவன் கொழும்பில் வேலை பார்க்கிறான், நல்லவேளை லீவுக்குத் தோட்டத்துக்கு வந்திருந்தான். போனை ஆச்சி முகத்துக்கு நேரே பிடித்தான். நான் கேமராவை மலைப்பக்கம் திருப்பினேன்.

கொஞ்ச நேரம் பார்த்தார். “பச்சை கம்மிதான்” என்றார்.

“கீழே இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியுது ஆச்சி. மேலே போனால் நல்ல பச்சை. காப்பித் தோட்டம் எல்லாம் இருக்கு.”

“காப்பியா? அங்கயுமா?”

“ஆமா ஆச்சி.”

“எடுக்கிறவங்களுக்கு வீடு யாரோடது? தோட்டத்துதா?”

முதல் கேள்வியே அது. சனிக்கிழமை அந்த அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். எல்லோருக்கும் எப்படியென்று எனக்குத் தெரியாது, நான் பார்த்தவருக்குச் சொந்த வீடு, கொஞ்சம் ராகிக் காடு, நாலு காப்பிச்செடி. ஆச்சி அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பேரனிடம் திரும்பி, “கேட்டியா?” என்றார்.

பெரியவர்களும் போனில் பேசினார்கள். ஆச்சிக்கு என்ன சாமி, என்ன கூட்டம், மழை எப்படி என்று அரை மணி நேரம் ஓடியது. அங்கே மாரியம்மன் திருவிழா எந்த மாதம் என்று இவர்கள் கேட்க, இங்கே எந்த மாதம் என்று அவர் கேட்க, எனக்கு நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேலையில்லை. வைக்கும்போது ஆச்சி ஒன்று கேட்டார். ஓமலூர் என்று தமிழில் எழுதிய பலகை எதையாவது படம் எடுத்து அனுப்ப வேண்டும், அதைப் பேரன் பிரேம் போட்டுக் கொடுப்பானாம்.

திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் முதல் வேலையாகப் பெயர்ப்பலகையை எடுத்தேன். முன்னால் மேட்டூர் பஸ் நின்று மறைத்தது. அது நகர்ந்ததும் இன்னொன்று எடுத்து, இரண்டையும் அனுப்பிவிட்டுச் சேலம் பஸ்ஸில் ஏறினேன்.